நினைவு தூங்கும், பழக்கம் தூங்காது!

காலையில் எழுந்ததும் பல் தேய்க்கிறீர்கள். "இன்று பல் தேய்க்கலாமா, வேண்டாமா?" என்று என்றாவது யோசித்தது உண்டா? இல்லை. கை தானாகப் பிரஷ்ஷை எடுக்கிறது. கால் தானாகக் குழாயடிக்குப் போகிறது. பாதித் தூக்கத்திலேயே வேலை முடிந்து விடுகிறது.

இதற்குப் பெயர்தான் பழக்கம்.

பழக்கம் என்றாலே பலருக்கு ஓர் அலட்சியம். "தினமும் செய்கிற வேலைதானே! இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?" என்பார்கள். ஆனால், இந்தச் சின்ன விஷயம் ஆயிரம் ஆயிரம் உயிர்களைக் காப்பாற்றி இருக்கிறது. இது இல்லாத காரணத்தால் மகா கெட்டிக்காரர்களும் மாண்டு போயிருக்கிறார்கள்.

நம்ப முடியவில்லையா? நடந்த கதைகளைக் கேளுங்கள்.

தெருவிலே பிரசவம்

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னா. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அதில் பிரசவத்துக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் டாக்டர்களும், டாக்டருக்குப் படிக்கும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவது பகுதியில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள்.

1846-ம் ஆண்டில், முதல் பகுதியில் சேர்ந்த தாய்மார்களில் நூற்றுக்கு 11 பேர் இறந்தார்கள். பிள்ளை பெற்ற சில நாட்களில் கடும் காய்ச்சல் வரும். அதோடு சரி. இரண்டாவது பகுதியில் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

டாக்டர்கள் இருக்கும் இடத்தில் சாவு அதிகம்! மருத்துவச்சிகள் இருக்கும் இடத்தில் சாவு குறைவு! இது என்ன வேடிக்கை?

இந்தச் சேதி ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்து விட்டது. "ஐயா, முதல் பகுதியில் மட்டும் என்னைச் சேர்க்காதீர்கள்" என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். சில பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றார்கள். தெருவில் பெற்றவர்களுக்குக்கூட அந்தக் காய்ச்சல் அவ்வளவாக வரவில்லை!

அந்த ஆஸ்பத்திரியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்று ஓர் இளம் டாக்டர் வேலை பார்த்தார். ஹங்கேரி நாட்டுக்காரர். இந்தச் சாவுகள் அவருடைய மனத்தை வாட்டின. காரணத்தைத் தேடித் தேடி அலுத்துப் போனார்.

1847-ம் ஆண்டு மார்ச் மாதம். அவருடைய நண்பரான ஒரு டாக்டர் திடீரென்று இறந்து போனார். பிணத்தை அறுத்துச் சோதிக்கும்போது, ஒரு மாணவரின் கத்தி அந்த நண்பரின் விரலில் பட்டு விட்டது. சின்னக் காயம்தான். ஆனால், அதுவே எமனாகி விட்டது. பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடம்பில் என்னென்ன கோளாறு இருந்ததோ, அதே கோளாறு நண்பரின் உடம்பிலும் இருந்தது.

செம்மல்வைசுக்குப் பளிச்சென்று உண்மை விளங்கியது. மாணவர்கள் பிண அறையில் வேலை செய்கிறார்கள். அதே கையோடு பிரசவ அறைக்கு வருகிறார்கள். கையில் ஒட்டிய நஞ்சு தாயின் உடம்புக்குள் போகிறது. மருத்துவச்சிகள் பிண அறைக்குப் போவது இல்லை. அதனால் அங்கே சாவு குறைவு.

மே மாதத்தில் அவர் ஓர் உத்தரவு போட்டார். தாயைத் தொடுவதற்கு முன்பு ஒவ்வொருவரும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும். பெரியவர், சிறியவர் என்ற பேதம் கிடையாது. இன்று ஒரு நாள் போகட்டும் என்ற பேச்சும் கிடையாது.

பலன் என்ன தெரியுமா?

அந்த ஆண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்தார்கள். ஜூன் மாதத்தில் அது இரண்டாகக் குறைந்தது. அடுத்த ஆண்டில் இரண்டு மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை!

புதிய மருந்து வரவில்லை. புதிய கட்டடம் எழும்பவில்லை. கை கழுவும் பழக்கம் ஒன்றுதான் வந்தது.

ஆனால் பெரிய டாக்டர்கள் பலர் இதை ஏற்கவில்லை. "எங்கள் கையினாலா தாய்மார்கள் செத்தார்கள்?" என்று அவர்களுக்குக் கோபம். 1849-ல் செம்மல்வைசின் வேலை போயிற்று. 1865-ல், 47-வது வயதில், ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அவர் உயிர் விட்டார். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பதை உலகம் பின்னால்தான் ஒப்புக் கொண்டது. இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் டாக்டர்கள் முதலில் கற்றுக் கொள்ளும் பாடங்களில் ஒன்று, அவர் சொன்ன அந்தப் பழக்கம்தான்.

கெட்டிக்கார விமானி

"படிக்காதவர்கள் மறப்பார்கள். கெட்டிக்காரர்கள் மறக்க மாட்டார்கள்" என்று நினைக்கிறோம். அது தவறு. 1935-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

போயிங் கம்பெனி நான்கு என்ஜின்கள் கொண்ட புதிய ராட்சத விமானத்தைச் செய்திருந்தது. ஒகையோ மாநிலத்தில் ராணுவ அதிகாரிகள் முன்னிலையில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். விமானத்தை ஓட்டியவர் சாதாரண ஆள் அல்ல. ராணுவத்தின் தலைசிறந்த சோதனை விமானிகளில் ஒருவர்.

விமானம் ஓடியது, எழும்பியது, செங்குத்தாக மேலே ஏறியது. மறு நிமிடம் சரிந்து விழுந்து தீப்பற்றி எரிந்தது! விமானியும் இன்னொருவரும் உயிர் இழந்தார்கள்.

என்ன கோளாறு? என்ஜினில் கோளாறு இல்லை. சிறகிலும் பழுது இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது, காற்றில் வால் பகுதி ஆடாமல் இருக்க ஒரு பூட்டுப் போடுவார்கள். புறப்படும் முன்பு அதை விடுவிக்க வேண்டும். அதை விடுவிக்க மறந்து விட்டார்கள். அவ்வளவுதான்!

அதன் பிறகு விமானிகள் கூடி யோசித்தார்கள். "இன்னும் கெட்டிக்காரரைத் தேடுவோம்" என்று அவர்கள் சொல்லவில்லை. ஒரு சிறிய அட்டையில், புறப்படும் முன்பு செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதினார்கள். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் சரி, ஒவ்வொரு முறையும் அந்த அட்டையைப் படித்துச் சரி பார்த்த பிறகே விமானம் கிளம்ப வேண்டும் என்று வழக்கம் ஏற்படுத்தினார்கள்.

விழுந்து நொறுங்கிய அதே இன விமானம் பின்னால் 12 ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இன்று சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்கும் விமானத்திலும் விமானிகள் அப்படி ஒரு பட்டியலைச் சரி பார்த்த பிறகே கிளம்புகிறார்கள்.

கை நீட்டிக் கூவும் டிரைவர்

ஜப்பான் நாட்டில் ரயில் டிரைவரைக் கவனித்தால் சிரிப்பு வரும். சிக்னலைப் பார்த்துக் கையை நீட்டுவார். "சிக்னல் பச்சை!" என்று உரக்கச் சொல்வார். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். யாரிடம் சொல்கிறார்?

தமக்குத் தாமே சொல்லிக் கொள்கிறார்! கண் பார்க்கிறது, கை காட்டுகிறது, வாய் சொல்கிறது, காது கேட்கிறது. இத்தனையும் சேர்ந்தால் கவனம் சிதறுவது இல்லை. 1994-ம் ஆண்டில் அந்த நாட்டு ரயில்வே ஆராய்ச்சி நிலையம் இதைச் சோதித்துப் பார்த்தது. சும்மா வேலை செய்தபோது நூறு செயலுக்கு இரண்டுக்கு மேல் தவறுகள் நேர்ந்தன. கை காட்டிச் சொன்னபோது, அது அரைத் தவறுக்கும் கீழே போய் விட்டது.

நீங்களும் செய்து பாருங்கள். வீட்டைப் பூட்டும்போது, "பூட்டி விட்டேன்" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். பஸ் ஏறிய பிறகு, "பூட்டினோமா, இல்லையா?" என்ற கவலை வராது.

சென்னையில் நடந்த சோதனை

வெளிநாட்டுக் கதை போதும். நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

ஒரு காலத்தில் காச நோய் என்றால் குடும்பமே நடுங்கும். அந்த நோயாளிகளுக்கென்று ஊருக்கு வெளியே தனி ஆஸ்பத்திரிகள் உண்டு. 'சானடோரியம்' என்பார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு, பக்கத்தில் நர்ஸ். இத்தனையும் வேண்டும் என்பது அந்தக் கால வைத்திய முறை. ஆனால் நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ கொஞ்சம். இடம் கிடைக்காத ஏழை என்ன செய்வான்?

1956-ம் ஆண்டில் சென்னையில் ஒரு சோதனை தொடங்கியது. நோயாளிகளை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கினர் சானடோரியத்தில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து. ஓர் ஆண்டு சாப்பிட வேண்டும்.

வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கமான வீடு. சாப்பாடும் சுமார்தான். சானடோரியத்தில் இருந்தவர்களைப் போல ஓய்வும் இல்லை. யாருக்கு அதிகம் குணமாகி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

1959-ல் முடிவு வெளியாயிற்று. உலகமே வியந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணம் அடைந்திருந்தார்கள்! அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குத் தனி ஆபத்து வந்ததாகவும் தெரியவில்லை. உலகத்தில் காச நோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றிய சோதனை இது. சென்னை சேத்துப்பட்டில் இன்று இருக்கும் காச நோய் ஆராய்ச்சி நிலையம் இந்தச் சோதனையிலிருந்து பிறந்ததுதான்.

ஆனால், இதில் ஒரு முக்கியமான நிபந்தனை இருந்தது. மருந்தை ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

ஏன் இத்தனை கண்டிப்பு? மாத்திரை சாப்பிடத் தொடங்கிச் சில வாரங்களில் இருமல் குறையும். காய்ச்சல் போகும். பசி எடுக்கும். "நோய் தீர்ந்தது. இனி மாத்திரை எதற்கு?" என்று மனம் கேட்கும். அங்கேதான் ஆபத்து. நடுவில் நிறுத்தினால், மிச்சம் இருக்கும் கிருமிகள் மீண்டும் தலை தூக்கும். சில சமயம் பழைய மருந்துக்கு அவை அடங்காமலும் போகும்.

இன்று காச நோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்று எத்தனையோ பேர். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்!

உங்கள் வீட்டில் எப்படி?

இந்தக் கதைகள் எல்லாம் சொல்வது ஒன்றுதான். மனிதனுடைய நினைவு நம்பத் தக்கது அல்ல. பசி வந்தால் மறக்கும். கோபம் வந்தால் மறக்கும். விருந்தாளி வந்தால் மறக்கும். பழக்கம் அப்படி அல்ல. உடம்பு களைத்தாலும், மனம் கலங்கினாலும், அது தன் வேலையைச் செய்து கொண்டே இருக்கும்.

அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற அம்மா, தினமும் நாள் பார்த்து முடிவு செய்வது இல்லை. விடிந்தால் கோலம். அவ்வளவுதான். அதே போல இன்னும் சில பழக்கங்கள் வீட்டுக்குள் வந்து விட்டால், எத்தனையோ துன்பங்களைத் தடுக்கலாம்.

*சோப்பு:* சமைக்கும் முன்பும், குழந்தைக்கு ஊட்டும் முன்பும், கழிப்பிடம் போய் வந்த பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்தப் பழக்கம் இருக்கும் இடத்தில், குழந்தைகளுக்கு வயிற்றுப் போக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

*கேஸ் அடுப்பு:* இரவு சமையல் வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடி விட்டுத்தான் சமையலறை விளக்கை அணைக்க வேண்டும். முதலில் ரெகுலேட்டர், பிறகு விளக்கு. இந்த வரிசை மாறக் கூடாது.

*சாவி:* வாசல் பக்கத்தில் ஓர் ஆணி அடியுங்கள். வந்ததும் சாவி ஆணிக்குப் போகட்டும். காலை நேரத்தில், "சாவி எங்கே?" என்ற சண்டை ஓயும்.

*ஹெல்மெட்:* "பக்கத்துத் தெருவுக்குத்தானே போகிறேன்" என்று கழற்றி வைக்காதீர்கள். விபத்து தூரம் பார்த்து வருவது இல்லை. வண்டிச் சாவியையும் ஹெல்மெட்டையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒன்றை எடுக்கும் கை மற்றதையும் எடுக்கும்.

*கணக்கு:* இரவு படுக்கும் முன்பு அன்றைய செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை. மாதம் முடிந்ததும், "பணம் எங்கே போயிற்று?" என்று கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் முறைத்துக் கொள்ள வேண்டியது இல்லை. நோட்டே பதில் சொல்லும்.

*படிப்பு:* விளக்கு வைத்ததும் குழந்தைகள் புத்தகத்தோடு உட்காரட்டும். தினமும் அதே நேரம், அதே இடம். "படி, படி" என்று நீங்கள் கத்த வேண்டாம். கடிகாரமே கூப்பிடும். அந்த நேரத்தில் டெலிவிஷனையும் செல்போனையும் நீங்கள் மூடி வைக்க வேண்டும், அது முக்கியம்!

பழக்கம் வர எத்தனை நாள்?

"நல்ல பழக்கம் வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். நாலு நாள் செய்கிறேன். ஐந்தாம் நாள் விட்டு விடுகிறேன். என்ன செய்ய?" என்று பலர் கேட்கிறார்கள்.

இதற்கும் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். லண்டனில் 'யுனிவர்சிட்டி காலேஜ்' என்ற பல்கலைக்கழகத்தில் 96 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. 2009-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. ஒவ்வொருவரும் ஒரு சின்ன வேலையை எடுத்துக் கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு கொஞ்சம் ஓடுவது, இப்படி. 84 நாட்கள் கவனித்தார்கள்.

ஒரு செயல் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆகின்றன என்று கணக்கிட்டார்கள். சிலருக்கு 18 நாளில் வந்து விட்டது. சிலருக்கு எட்டு மாதம்கூட ஆகும் என்று தெரிந்தது. ஆகையால், ஒரு வாரத்தில் வரவில்லையே என்று கைவிடாதீர்கள்.

இன்னொரு நல்ல சேதி. நடுவில் ஒரு நாள் விட்டுப் போனாலும் பெரிய நஷ்டம் இல்லையாம். மறுநாள் விட்ட இடத்தில் தொடர்ந்தால் போதும். மருந்து, மாத்திரை விஷயம் மட்டும் வேறு. அதில் ஒரு நாளும் விடக் கூடாது.

பழக்கத்தைச் சுலபமாக ஏற்படுத்த மூன்று வழிகள் உண்டு.

ஒன்று: ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு புதியதை முடிச்சுப் போடுங்கள். காலைக் காப்பி குடிக்கும் பழக்கம் இருக்கிறதா? காலை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று டாக்டரிடம் கேட்டு, காப்பி டம்ளரையோ சாப்பாட்டுத் தட்டையோ அதற்கு அடையாளமாக வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டு: வேண்டிய பொருள் கண் முன்னே இருக்கட்டும். சோப்பு அலமாரிக்குள் இருந்தால் கை கழுவும் பழக்கம் எப்படி வரும்?

மூன்று: ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று. புது வருஷத்தன்று பத்துத் தீர்மானம் செய்கிறவர், பொங்கலுக்குள் பத்தையும் மறந்து விடுகிறார்.

எசமானாகி விடக் கூடாது

ஒரு சந்தேகம் எழலாம். "எல்லாவற்றுக்கும் நேரம், ஒழுங்கு என்று இருந்தால் மனிதன் இயந்திரமாகி விட மாட்டானா?"

ஜெர்மன் தத்துவ மேதை காண்ட் என்பவரை எடுத்துக் கொள்வோம். 1724-ல் பிறந்தவர். மெலிந்த, பலம் இல்லாத உடம்பு. தினமும் காலை ஐந்து மணிக்கு அவருடைய வேலைக்காரர் வந்து, "நேரமாயிற்று!" என்று எழுப்புவார். காண்ட் மறு பேச்சுப் பேசாமல் எழுந்து விடுவார். பிற்பகலில் உலாவப் போவார். அவர் தெருவில் வருவதைப் பார்த்து மக்கள் தங்கள் கடிகாரத்தைச் சரி செய்து கொள்வார்கள் என்று சொல்வது உண்டு. அந்தப் பலவீனமான உடம்போடு 80 வயதை நெருங்கும் வரை வாழ்ந்தார். உலகம் போற்றும் நூல்களை எழுதினார்.

அப்படிப்பட்டவர் ஒரு சமயம் உலாவப் போகவில்லையாம். ஊரார் திகைத்து விட்டார்களாம். காரணம் என்ன? ரூசோ என்ற அறிஞர் எழுதிய புதிய புத்தகம் கைக்கு வந்தது. படிக்கத் தொடங்கியவரால் கீழே வைக்க முடியவில்லை என்று கதை சொல்கிறார்கள்.

பழக்கம் நமக்கு வேலைக்காரன். அவன் சின்ன வேலைகளைப் பார்த்துக் கொண்டால், நம் மனம் பெரிய வேலைக்கு ஓய்வாக இருக்கும். ஆனால் வேலைக்காரன் எசமானாகி விடக் கூடாது. பக்கத்து வீட்டில் ஒருவருக்கு ஆபத்து என்றால், "இது நான் கணக்கு எழுதும் நேரம்" என்று உட்கார்ந்திருப்பவன் ஒழுங்கானவன் அல்ல, கல் நெஞ்சன்.

கெட்ட பழக்கமும் இதே வழியில்தான் வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. முதல் சிகரெட்டை நாம் பிடிக்கிறோம். பிறகு சிகரெட் நம்மைப் பிடித்துக் கொள்கிறது. அதனால், வீட்டுக்குள் எந்தப் பழக்கத்தை விடுகிறோம் என்பதை முதல் நாளிலேயே பார்க்க வேண்டும்.

இன்று இரவே தொடங்கலாம்

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். "நம் வீட்டில் அடிக்கடி மறந்து போகிற விஷயம் எது? அது மறந்தால் யாருக்கு ஆபத்து?" என்று கேளுங்கள். தாத்தாவின் மாத்திரையா? கேஸ் ரெகுலேட்டரா? குழந்தையின் கையா?

அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். அதற்கு ஒரு நேரமும், ஓர் இடமும், பொறுப்பாக ஓர் ஆளும் ஏற்பாடு செய்யுங்கள். சுவரில் மாட்டிய காலண்டரில் தினமும் ஒரு கோடு போடுங்கள். 66 கோடுகள் ஆனதும் எண்ணிப் பாருங்கள்.

அதற்குள் காலண்டரைப் பார்க்கும் அவசியமே அனேகமாகத் தீர்ந்திருக்கும். அதன் பிறகு நீங்கள் மறந்தாலும், உங்கள் கை மறக்காது!